உக்லேஸா, பென்யராண்டாவா?

ஸ்பெயினில் ரோமானிய இடிபாடும் பழைய சிற்றூரும் ஒரே நாளில் வேண்டும் என்றால் எனக்குத் தோன்றும் ஜோடிகள் இரண்டு: செகோப்ரிகாவுடன் உக்லேஸ், குலூனியாவுடன் பென்யராண்டா தெ துவேரோ.

மாட்ரிட்டிலிருந்து செகோப்ரிகா சுமார் 100 கி.மீ.தான். வலென்சியா நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் வந்துவிடும். அரைவட்ட அரங்கமும் விலங்குச் சண்டை நடந்த வட்ட அரங்கமும் பக்கத்தில் பக்கத்தில். இந்த ஊரைப் பணக்கார ஊராக்கியது ஒரு கல். சுற்றுவட்டாரச் சுரங்கங்களில் வெட்டியெடுத்த ஜிப்சம், ஏடு ஏடாகப் பிரியும், ஒளியை உள்ளே விடும். ரோமானியர்கள் அதைக் கண்ணாடிபோல ஜன்னலில் பதித்தார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினியே இதைப் புகழ்ந்திருக்கிறார். உக்லேஸில் குன்றின்மேல் சந்தியாகோ வீரத்துறவிகளின் பெரிய மடம். அதைப் பார்த்தால் ஊர் ஏறக்குறைய முடிந்தது.

குலூனியா வேறு ரகம். வெட்டவெளி மேட்டுநிலம், காற்று ஆளைத் தள்ளும். கி.பி. 68இல், நீரோ செத்தான், இனி நீதான் பேரரசன் என்ற செய்தி, ஸ்பெயினில் ரோமானிய ஆளுநராக இருந்த கல்பாவுக்கு வந்தது இங்கேதான். மலைச்சரிவைக் குடைந்த அரங்கில் உட்கார்ந்து அதை நினைத்துப் பார்க்கலாம். பென்யராண்டாவில் சதுக்கம், அரண்மனை, மேலே கோட்டை, பழங்கால மருந்துக்கடை. எல்லாம் நடை தூரம். விறகடுப்பில் சுட்ட பால்குட்டி ஆட்டுக்கறியும் துவேரோ ஆற்றங்கரை ஒயினும் தனிக் கணக்கு.

கார் இல்லாமல் இரண்டுமே சிரமம். கையில் ஒரே பகல் என்றால் செகோப்ரிகா. இரவு தங்க முடிந்தால் யோசிக்காமல் பென்யராண்டா. எங்கே போனாலும் ஆகஸ்ட் மதியத்தில் தொப்பி இல்லாமல் போகாதீர்கள், இடிபாட்டில் நிழலே கிடையாது.