ஆர்கன் மாஸ்டர் வகுப்பு: ஏழு மாசம் போய்வந்த பிறகு எழுதுவது

கோவை சாய்பாபா காலனிப் பக்கம் ஒரு சந்துக்குள், வீட்டு முன்னறையில் நடக்கிற கீபோர்டு, ஆர்கன் வகுப்பு. வெளியே போர்டு கிடையாது. மாஸ்டர் பேரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். பல வருஷம் சர்ச்சில் ஞாயிறு ஆராதனைக்கு வாசித்தவர், கச்சேரி மேடையும் ஏறியவர், பள்ளியில் இசை வாத்தியாராக இருந்து ரிட்டயர்டு ஆனவர்.

இதற்கு முன் எங்கள் மகள் அம்மிணியைத் திருப்பூரிலேயே ஓரிடத்தில் சேர்த்திருந்தோம். மூன்றே மாசத்தில் கிரேடு பரீட்சைக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். பிள்ளைக்கு நோட்டு படிக்கவே தெரியாது, மூன்று பாட்டை மனப்பாடமாக வாசிப்பாள், அவ்வளவுதான்.

இங்கே நேர் எதிர். பியானோவில் ஓங்கி அடித்தால் சத்தம் கூடும், பெடலை மிதித்தால் விரலை எடுத்த பிறகும் ஒலி கொஞ்சம் நீடிக்கும். ஆர்கனில் அந்த வேலையே ஆகாது, எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான், கூட வேண்டுமென்றால் ஸ்டாப் என்கிற குமிழை இழுக்கணும், விரலை எடுத்தால் ஒலியும் போச்சு. அதனால் கட்டையை நாலாம் விரலால் அழுத்திக்கொண்டே, சத்தம் அறாமல் அஞ்சாம் விரலுக்கு மாற்றப் பழக்குகிறார். மாசக்கணக்கில் இதேதான். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், நடுவில் மயிரிழை இடைவெளி வந்தால் போதும், "நூல் அறுந்துருச்சு கண்ணு" என்பார். நான் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவன் என்று தெரிந்த பிறகு வந்த வசனம் இது. நூல் அறுந்தால் நிட்டிங் மிஷின் நின்றுவிடும் என்று பிள்ளைக்குத் தெரியும், உடனே பிடித்துக்கொண்டாள். இப்போது சோறு தின்கிறபோதும் டேபிள் ஓரத்தில் விரல் மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு நாள் பஸ்ஸில் வர அலுப்பாக இருக்கிறது என்று சிணுங்கினாள். திட்டுவார் என்று நினைத்தேன். 1705இல் ஜெர்மன் இசை மேதை பாக், 20 வயசில், பக்ஸ்டஹூட என்ற ஆர்கன் மேதை வாசிப்பதைக் கேட்க ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து லூபெக்குக்கு 400 கிலோமீட்டர் நடந்தே போனாராம், நாலு வாரம் லீவு கேட்டவர் நாலு மாசம் கழித்துத்தான் திரும்பினாராம், இதைச் சொல்லிவிட்டு "திருப்பூர் 50 கிலோமீட்டருங்களா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சிணுங்கல் குறைந்தது, நிற்கவில்லை.

குறை இல்லாமலா? ஐந்து மணி வகுப்பு ஐந்தரைக்குத்தான் ஆரம்பிக்கும், முந்தின பிள்ளையைப் பாதியில் அனுப்ப மாட்டார். சினிமாப் பாட்டு கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்பார், அந்த அப்புறம் ஏழு மாசமாக வரவில்லை. கார் நிறுத்த இடமில்லை. ஆண்டு விழாவில் பிள்ளை வாசிக்கணும், வீடியோ எடுத்துப் போடணும் என்கிறவர்களுக்கு இது சரிப்படாது. ஃபீஸ் நியாயமானது, முன்பு கட்டியதைவிடக் குறைவு.

சேர்க்கிறதானால் ஒரு ஜோடி சாக்ஸ் கொடுத்து அனுப்புங்கள். காலில் வாசிக்கிற பெடல் கட்டைகள் 30க்கு மேல் இருக்கின்றன, செருப்புக் காலோடு அவற்றைத் தொட விடமாட்டார்.