எம்பிபிடின்னு ஸ்டிக்கர் ஒட்டி விக்கிற சோலார் கன்ட்ரோலர், வேன் வச்சிருக்கவங்க உஷார்

பினாங்குல வேனை கேம்பர் மாதிரி மாத்திக்கிட்டு இருக்கவங்க இத படிச்சிட்டு கடைக்குப் போங்க. பட்டர்வொர்த் பக்கம் ஒரு கடையில 300 வாட் வீட்டுப் பேனலும் (வீட்டுக் கூரையில போடுற சோலார் பேனல்) 30 ஆம்ப்ஸ் எம்பிபிடி கன்ட்ரோலரும் செட்டா வாங்குனேன். கன்ட்ரோலர்ங்கிறது பேனல்லேந்து பேட்டரிக்குப் போற சார்ஜ கட்டுப்படுத்துற பெட்டி, எம்பிபிடி அதுல விலை கூடுன வகை. நல்ல வெயில்லயும் பேட்டரி ஃபுல்லாவே மாட்டேங்குது, ராத்திரி பாதியிலயே பிரிட்ஜ் ஆஃப் ஆயிடும், பிள்ளைங்களுக்கு வச்ச பால் எல்லாம் கெட்டுப் போச்சு. கடையில கேட்டா வானம் மூட்டமா இருக்கு, பேனல் சூடாயிடுச்சுன்னு அதையே திருப்பித் திருப்பி சொல்றாங்க.

கூட்டாளி ஒருத்தர் மீட்டர் கொண்டு வந்து வச்சாரு. பேட்டரி 12.8 வோல்ட், பேனல் வயர்லயும் கிட்டத்தட்ட அதே வோல்ட். அந்த பேனல் 32 வோல்ட்ல ஓட வேண்டியது! பேனல் வோல்ட்ட பேட்டரி அளவுக்கு இழுத்து வச்சா அது பிடபிள்யூஎம்தான், அதாவது பேனல பேட்டரியோட நேரா இணைக்கிற விலை கம்மியான கன்ட்ரோலர். பேனல்லேந்து 9 ஆம்ப்ஸ் வந்தா பேட்டரிக்கும் 9தான் போகும், 300 வாட்டுல 120 வாட் கூட தேறாது. உண்மையான எம்பிபிடி கூடுதல் வோல்ட்ட ஆம்ப்ஸா மாத்திடும், அதே வெயில்ல 18, 20 ஆம்ப்ஸ் பேட்டரிக்குள்ள போயிருக்கணும். மூடியத் திறந்து பாத்தோம், எம்பிபிடிக்கு கண்டிப்பா வேண்டிய பெரிய செம்புக் கம்பிச் சுருள் உள்ள இல்லவே இல்ல. எம்பிபிடி விலை வாங்கிட்டு இதக் குடுத்திருக்காங்க, நெனச்சாலே வயிறு எரியுது.

பிடபிள்யூஎம் மோசம்னு சொல்ல வரல. 12 வோல்ட் பேட்டரிக்குன்னே விக்கிற, 18 வோல்ட்ல ஓடுற பேனலுக்கு, அதுவும் நம்ம ஊரு சூட்டுல பேனல் வோல்ட் இன்னும் எறங்கிடுறதால, பெரிய வித்தியாசம் தெரியாது, விலையும் கம்மி. வீட்டுப் பேனல் போட்டாதான் எம்பிபிடி இல்லாம ஆகாது.

வாங்கும்போது கையில தூக்கிப் பாருங்க, 30 ஆம்ப்ஸ் எம்பிபிடி லேசா இருக்காது. பேட்டரி பாதி எறங்கி இருக்கும்போது வெயில்ல மாட்டி, பேட்டரிக்குப் போற ஆம்ப்ஸ் பேனல்லேந்து வர்றத விட கூட இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. ரசீதுல எம்பிபிடின்னு எழுதியே வாங்குங்க. கடைக்காரரு காசு திருப்பித் தரமாட்டேன்னுட்டாரு, என்கிட்ட இருக்க அந்த மாதிரி ரசீத வச்சுதான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல போடப் போறேன், மனு கட்டணம் 5 வெள்ளிதான், லாயர் வேணாம். பிறை, பட்டர்வொர்த் பக்கம் யாருக்காவது சந்தேகம்னா சொல்லுங்க, மீட்டரோட வந்து பாக்குறோம்.