மஞ்சள் டாலரின் கத்தரி: இணைய ஆவணப்படங்களோடு பல வருட அனுபவம்

பல வருடங்களாக நான் ஆவணப்படம் பார்ப்பது பெரும்பாலும் இணைய வீடியோ தளங்களில்தான். கட்டணம் இல்லாமல், விளம்பரத்தோடு ஓடும் தளங்கள். போர், சுற்றுச்சூழல், பெருநிறுவன ஊழல், மருத்துவ வரலாறு என்று கனமான விஷயங்களையே அதிகம் தேடிப் பார்ப்பேன். அதனால் பாட்டும் நகைச்சுவையும் பார்க்கிறவர்களின் அனுபவத்தோடு இது ஒத்துப்போகாமல் இருக்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவணப்படத்துக்கு இந்தத் தளங்கள் செய்த நன்மையை வேறு எந்த ஊடகமும் செய்யவில்லை. ஆனால் எந்த வீடியோவை நீக்கலாம் என்று நடக்கும் சண்டையைவிட, எந்த வீடியோவுக்குப் பணம் கொடுக்கலாம் என்ற விதிதான் நான் பார்க்கும் படங்களை அதிகம் மாற்றியிருக்கிறது. பேச்சு எல்லாம் முதலாவதைப் பற்றியே நடக்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

நல்லதிலிருந்து ஆரம்பிக்கிறேன். முன்பெல்லாம் ஆவணப்படம் என்றால் திரைப்பட விழா, ஃபிலிம் சொசைட்டி, இல்லாவிட்டால் தொலைக்காட்சியில் ஊர் உறங்கிய பிறகு வரும் ஒரு மணி நேரம். தவறவிட்டால் அவ்வளவுதான். 2005-இல் யூடியூப் வந்த பிறகும் நிலைமை உடனே மாறவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது என்ற கட்டுப்பாடு இருந்ததால் முழுப் படங்கள் துண்டு துண்டாகக் கிடந்தன, அதில் நடுவே ஒரு துண்டு மட்டும் காணாமல் போயிருக்கும். 2010 டிசம்பரில், விதிமீறல் இல்லாத கணக்குகளுக்கு இந்த வரம்பு தளர்ந்தது. அதற்கு முன்பே, 2009 ஜூன் 5 அன்று, யான் ஆர்த்துஸ்-பெர்த்ரான் இயக்கிய 'ஹோம்' திரையரங்கு, தொலைக்காட்சி, யூடியூப் மூன்றிலும் ஒரே நாளில் வெளியானது. 2020 ஏப்ரலில், பள்ளிகள் மூடிக்கிடந்த சமயம், நெட்ஃபிளிக்ஸ் தன் ஆவணப்படங்கள் சிலவற்றை யூடியூபில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல போன்ற பொது ஒளிபரப்பு நிறுவனங்கள் இன்று முழுநீளப் படங்களைத் தொடர்ந்து போடுகின்றன.

ஆனால் எனக்கு உண்மையான பொக்கிஷம் இவர்கள் இல்லை, தனி ஆட்கள். ஒரு விமான விபத்தின் விசாரணை அறிக்கையை வரி வரியாகப் படித்து, பழைய வரைபடங்களைத் தோண்டி எடுத்து, தாங்களே பின்னணிக் குரல் கொடுத்து ஒன்றரை மணி நேரப் படம் செய்பவர்கள். இந்த வகை ஆவணப்படத்தை எந்தத் தொலைக்காட்சியும் ஏற்றிருக்காது. கீழே குறிப்புப் பகுதியில் ஆதாரங்களின் பட்டியல் இருக்கும். தவறு தெரிந்தால், எல்லாக் கருத்துகளுக்கும் மேலே நிறுத்தி வைத்த கருத்தில் திருத்தம் இருக்கும். சில நேரம், அந்தத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வந்து, படத்தில் இல்லாத ஒரு விவரத்தைக் கருத்துகளில் எழுதிவிட்டுப் போயிருப்பார். வசனத்தின் எழுத்து வடிவில் ஒரு சொல்லைத் தேடி நேராக அந்த இடத்துக்குப் போக முடிவதும் பெரிய வசதி. ஆய்வுக்காகப் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்தத் தனி ஆட்கள்தான் விளம்பரப் பணத்தை நம்பி இருக்கிறார்கள். பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அரசு நிதி உண்டு. இவர்களுக்குக் கிடையாது. விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் படைப்பாளிக்கு என்பது யூடியூபின் கணக்கு. 2007-இல் வந்த பார்ட்னர் திட்டம்தான் இதற்கு அடிப்படை. 2012-இல் எத்தனை பேர் க்ளிக் செய்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு, வீடியோக்களைப் பரிந்துரைக்கும் அல்காரிதம் அதிக மதிப்பு கொடுக்க ஆரம்பித்தது, நீளமான படங்களுக்கு அதுவும் சாதகமாக அமைந்தது. இவ்வளவு ஆழமான படங்கள் குவிந்ததற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் 2017 மார்ச் வந்தது. பெரிய நிறுவனங்களின் விளம்பரங்கள் தீவிரவாத வீடியோக்களுக்குப் பக்கத்தில் ஓடுவதாக லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் எழுதியது. பல நிறுவனங்கள் விளம்பரங்களை நிறுத்தின. அவர்கள் கோபம் நியாயம்தான், தங்கள் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை யாருக்கும் உண்டு. ஆனால் அதற்குத் தளம் கண்ட தீர்வு, 'விளம்பரதாரருக்கு உகந்தது' என்ற விதியை இயந்திரத்தின் கையில் இறுக்கமாகக் கொடுத்ததுதான். வீடியோவுக்குப் பக்கத்தில் பச்சை டாலர் குறி இருந்தால் முழு விளம்பரம். மஞ்சள் என்றால் கொஞ்சம்தான், அல்லது ஒன்றுமே இல்லை. வன்முறை, போதைப்பொருள், தற்கொலை, பாலியல் குற்றம், போர் என்று சந்தேகத்துக்குரிய பட்டியல் நீள்கிறது. இந்தப் பட்டியலைத் தவிர்த்துவிட்டு மனித வரலாற்றில் எந்தப் பத்தாண்டைப் பற்றி ஆவணப்படம் எடுப்பது?

மறுபரிசீலனை கேட்கலாம், ஒரு மனிதர் பார்த்துப் பச்சைக்கு மாற்றவும் கூடும். ஆனால் ஒரு வீடியோவுக்குப் பெரும் கூட்டம் வருவது வெளியான முதல் சில நாட்களில்தான். அதற்குள் பதில் வராவிட்டால் அந்தப் படத்தின் வருமானம் போனது போனதுதான். 2018 ஜனவரியில் இன்னொரு வாசல் வந்தது. விளம்பரப் பணம் பெற ஆயிரம் சப்ஸ்கிரைபர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்றானது. வாரம் மூன்று வீடியோ போடும் சேனலுக்கு இது எட்டக்கூடியது. வருடத்துக்கு ஒரு படம் எடுக்கும் புதிய ஆளுக்கு அப்படி இல்லை.

பார்வையாளராக எனக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது? படங்களின் மொழியே மாறியதை வைத்துத்தான். இனப்படுகொலை பற்றிய படத்தில் 'கொலை' என்ற சொல்லின் மீது பீப் ஒலி விழுகிறது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வெளிப்படையாக வைத்திருக்கும் அதே புகைப்படம் இங்கே மங்கலாக்கப்படுகிறது. தற்கொலை என்று சொல்ல வேண்டிய இடத்தில் சுற்றி வளைத்த ஏதோ ஒரு வார்த்தை. பஞ்சத்தில் இறந்தவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும் குரல், அடுத்த மூச்சில் ஸ்பான்சர் நிறுவனத்தின் விபிஎன் சலுகையைச் சொல்கிறது. அந்தப் படைப்பாளி மீது எனக்குக் கோபம் வருவதில்லை, விளம்பரம் கைவிட்ட இடத்தை நிரப்ப அவருக்கு வேறு வழி இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் படம் உடைந்துவிடுகிறது. 2020 ஜூலை முதல், இடையிடையே விளம்பரம் செருகுவதற்கான குறைந்தபட்ச நீளம் பத்து நிமிடத்திலிருந்து எட்டு ஆனது. அதே ஆண்டு நவம்பரில், பார்ட்னர் திட்டத்தில் இல்லாதவர்களின் வீடியோக்களிலும் விளம்பரம் ஓடலாம், அவர்களுக்குப் பங்கு கிடையாது என்று விதி வந்தது. ஆக, பணம் பெறத் தகுதி இல்லாத படம் விளம்பரம் ஓடத் தகுதி பெற்றுவிட்டது. இதை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

நீக்கம் வேறு கதை, அது கண்ணில் படும். 2017 ஆகஸ்டில் சிரியப் போரைப் பதிவு செய்த ஆயிரக்கணக்கான வீடியோக்கள் யூடியூபில் இருந்து மறைந்தன. தீவிரவாதப் பிரசாரத்தைப் பிடிக்க வைத்த தானியங்கி முறை, பிரசாரத்துக்கும் சாட்சியத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நடந்துகொண்டது. ஒரு பகுதி பின்னால் திரும்ப வந்தது. இதே 2017 ஆகஸ்டில்தான், சமூக ஊடகங்களில் வந்த வீடியோக்களை ஆதாரமாகக் காட்டி லிபியத் தளபதி மஹ்மூத் அல்-வெர்ஃபல்லி மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடிவாரண்ட் பிறப்பித்தது. ஒரு பக்கம் இப்படிப்பட்ட காட்சியை நீதிமன்றம் சாட்சியாக எடுத்துக்கொள்கிறது, இன்னொரு பக்கம் இயந்திரம் அதைக் குப்பையில் போடுகிறது. 2019 ஜூனில் வெறுப்புப் பேச்சு விதி கடுமையானபோது, வரலாற்று ஆசிரியர்கள் பாடத்துக்காக ஏற்றியிருந்த நாஜி காலக் காட்சிகளும் சேர்ந்து அடிபட்டன. கல்வி, ஆவணம், அறிவியல், கலை நோக்கம் கொண்டவற்றுக்கு விலக்கு உண்டு என்று யூடியூபின் விதியிலேயே எழுதியிருக்கிறது. இயந்திரத்துக்கு நோக்கத்தைப் படிக்கத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

அதற்காக எதையுமே நீக்கக்கூடாது என்று சொல்பவர்களோடு நான் இல்லை. 2020 மே மாதம் 'பிளான்டெமிக்' என்ற 26 நிமிட வீடியோ, கொரோனா பற்றிய பொய்களை ஆவணப்படத்தின் உடையில் பரப்பியது. அழுத்தமான இசை, நேர்காணல் வெளிச்சம், உறுதியான குரல் எல்லாம் இருந்தது. சில நாட்களில் லட்சக்கணக்கானோர் பார்த்த பிறகே யூடியூபும் ஃபேஸ்புக்கும் அதை எடுத்தன. ஆவணப்படம் என்ற வடிவத்தின் மீது மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையைத் திருடுகிறவர்கள் இருக்கும்வரை, யாராவது ஒருவர் வாசலில் நிற்கத்தான் வேண்டும். அந்தக் காவலர் என்ன காரணத்துக்காக எதைத் தடுத்தார் என்று எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

காப்புரிமைப் பிரச்சினை இதற்குள் தனியாக ஓடுகிறது. 2020 ஏப்ரலில் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் மைக்கேல் மூர் தயாரிப்பில் யூடியூபில் இலவசமாக வந்த, பசுமை ஆற்றலை விமர்சிக்கும் 'பிளானட் ஆஃப் தி ஹ்யூமன்ஸ்' படத்தை 80 லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருந்தார்கள். மே 25 அன்று அது மறைந்தது. சில விநாடிக் காட்சி தன்னுடையது என்று ஒரு பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் புகார் கொடுத்திருந்தார். படத்தின் வாதமும் அவருக்கு உடன்பாடில்லை. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் படம் திரும்ப வந்தது. அந்தப் படத்தின் சூழலியல் வாதங்களில் பலவற்றோடு எனக்கும் கடும் முரண்பாடு உண்டு. அதைத் தகவல்களால் எதிர்த்தவர்கள் நிறையப் பேர். ஆனால் சில விநாடிகளுக்காக ஒரு மணி நாற்பது நிமிடப் படத்தை மொத்தமாக இறக்க முடிகிறது என்றால், அந்தக் கருவி யார் கைக்கு வேண்டுமானாலும் போகும். 2021-இன் முதல் பாதியில் மட்டும் உரிமையுள்ள காட்சியையும் ஒலியையும் தானாகக் கண்டுபிடிக்கும் கண்டென்ட் ஐடி முறை வழியாக 72 கோடிக்கு மேல் உரிமைக் கோரல்கள் வந்ததாக யூடியூபே வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் எதிர்த்துக் கேட்டது சுமார் 37 லட்சம். அப்படிக் கேட்டவற்றில் 60 சதவீதம் பதிவேற்றியவருக்குச் சாதகமாக முடிந்தது. பழைய செய்திப்படத் துண்டுகளை மேற்கோளாகக் காட்டித்தான் ஆவணப்படக்காரர் வாதம் வைக்க முடியும். சேனலையே இழக்க வைக்கக்கூடிய 'ஸ்ட்ரைக்' என்ற தண்டனைப் புள்ளி விழுந்துவிடுமோ என்ற பயத்தில் கேட்காமலே விட்டவர்கள் எத்தனை பேர் என்பது எந்த அறிக்கையிலும் வராது.

பார்வையாளராக எனக்கு மிகவும் வலிப்பது ப்ளேலிஸ்டில் தெரியும் சாம்பல் நிறக் கட்டங்கள். வருடக்கணக்கில் சேர்த்துவைத்த பட்டியலைத் திறந்தால் 'இந்த வீடியோ இல்லை' என்று வரிசையாக இருக்கும். தலைப்பு இல்லை, சேனல் பெயர் இல்லை. படைப்பாளியே எடுத்தாரா, தளம் எடுத்ததா, உரிமைப் புகாரா, ஏதோ ஒரு அரசு சொன்னதா என்று பல சமயம் கண்டுபிடிக்கவே முடியாது. நூலகத்தில் ஒரு புத்தகம் காணாமல் போனால் அட்டவணையில் அதன் பெயராவது மிஞ்சும். இங்கே பெயரும் சேர்ந்து போகிறது. அதனால் இப்போது முக்கியமான படம் என்று தோன்றினால் தலைப்பு, எடுத்தவர், வெளியான தேதி, இரண்டு வரிச் சுருக்கம் ஆகியவற்றைத் தனியாக எழுதிவைக்கிறேன். அந்தக் குறிப்பை வைத்து இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்திலோ இயக்குநரின் சொந்தத் தளத்திலோ பல படங்களை மறுபடி கண்டுபிடித்திருக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் இந்த விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தருகிறது. 2024 பிப்ரவரியில் முழுமையாக அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின்படி, எதையாவது நீக்கினால் தளம் பதிவேற்றியவருக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், அதன் 17-ஆவது பிரிவு பண வரவை நிறுத்துவதையும் கட்டுப்படுத்துவதையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதாவது மஞ்சள் குறியும் ஒரு வகைக் கட்டுப்பாடுதான் என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் காரணம் பதிவேற்றியவருக்குத்தான் போகும். பார்ப்பவருக்கு இன்னும் அந்தச் சாம்பல் கட்டம்தான்.

சமீப காலத்தில் புதிதாக ஒரு தொல்லை, செயற்கை நுண்ணறிவில் மொத்தமாகத் தயாராகி வரும் போலி ஆவணப்படங்கள். உணர்ச்சி இல்லாத ஒரே குரல், எந்தக் காலத்துக்கும் பொருந்தாத படங்கள், கீழே ஒரு ஆதாரமும் இருக்காது. 2025 ஜூலையில் யூடியூப் தன் பணவிதியில் 'அசலற்ற', மொத்தமாகச் செய்யப்பட்ட வீடியோக்களைக் குறிவைத்துச் சொற்களைத் தெளிவாக்கியது. பணவிதி சரியான திசையில் வேலை செய்ய முடியும் என்பதற்கு இது ஒரு உதாரணம் ஆகலாம். நானோ, ஆதாரப் பட்டியல் இல்லாத சேனலைப் பரிந்துரையிலிருந்து உடனே நீக்கிவிடுகிறேன்.

இந்தத் தளங்களை ஆவணப்படத்துக்காகப் பயன்படுத்த நினைப்பவர்கள் முகப்புப் பக்கத்தை விட்டுவிட்டு சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்திலிருந்து பார்ப்பது நல்லது. விளம்பரமில்லாச் சந்தா கட்ட முடிந்தால் கட்டுங்கள். யூடியூபின் பிரீமியம் சந்தாவில் ஒரு பங்கு, பார்க்கும் நேரத்தைப் பொறுத்துப் படைப்பாளிக்குப் போகிறது, மஞ்சள் குறி விழுந்த வீடியோவுக்கும் அது உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. போர், பஞ்சம், கொலை வழக்கு என்று விளம்பரதாரர் ஒதுங்கிப்போகும் படங்களை எடுப்பவருக்கு உங்கள் பார்வை நேரம் நேரடியாகக் காசாகும் வழி இது. விருப்பமான ஓரிருவரைப் பேட்ரியான் மாதிரியான இடத்தில் மாதாமாதம் ஆதரிப்பது இன்னும் உறுதியானது. படைப்பாளிகளே சேர்ந்து 2019-இல் தொடங்கிய நெபுலா என்ற சந்தாத் தளத்தில், பொதுத் தளத்துக்காக வெட்டிய பகுதிகள் வெட்டாமல் கிடைப்பதும் உண்டு. அதே படத்தின் இரண்டு வடிவங்களையும் ஒரு தடவை அடுத்தடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் கத்தரி விழுந்தது, எந்தச் சொல் மாறியது, எந்த முகம் மங்கியது என்று உங்களுக்கே தெரியும்.