ஆறு வருஷ மல்பெரி மரம்: நல்ல மரம்தான், ஆனா வைக்காத

கனடால, ஒட்டாவால இருக்குற காலேஜ் ஃப்ரெண்டு நேத்து வாட்ஸ்அப்ல கேட்டான், "மாப்ள, உன் வீட்டு மல்பெரில ரெண்டு குச்சி அம்மாகிட்ட குடுத்து விடேன், இங்க நட்டுப் பாக்குறேன்"னு. கேட்ட நேரம் சரியில்ல. அப்பதான் வெள்ளை வேட்டில குயில் போட்டுட்டுப் போன கறையோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்துல வீட்டுக்குப் பின்னாடி விரல் தடிமன்ல ஒரு குச்சி சொருகுனேன், அவ்ளோதான் என் உழைப்பு. 2024 நவம்பர்ல ஃபெஞ்சல் புயல் அடிச்சப்ப பக்கத்து வீட்டு முருங்கை படுத்துடுச்சு, இதுல ரெண்டு கிளை ஒடிஞ்சதோட சரி. மாவுப்பூச்சி வந்து நுனி இலையெல்லாம் சுருண்டப்பவும் அந்த நுனிய கிள்ளி எரிச்சேன், விட்டுடுச்சு. பண்ருட்டி பலாவுக்கு இது ஒண்ணுவிட்ட தம்பி, ரெண்டும் ஒரே குடும்பம். ஆனா பலா மாதிரி வெச்சுத் திங்க முடியாது, காலைல பறிச்சா சாயங்காலம் கொழகொழன்னு ஆயிடும்.

கறைக்கு வர்றேன். சோப்பு போட்டா சிவப்பு போய் நீலமா மாறும். எலுமிச்சம்பழம் புழிஞ்சா திரும்பவும் சிவப்பு. பழத்துல இருக்குற சாயம் புளிப்புக்கு ஒரு நிறம் காட்டும், சோப்பு மாதிரி காரத்துக்கு ஒரு நிறம் காட்டும், பத்தாவது பையனுக்கு லேப்ல காட்ட நல்லாத்தான் இருக்கும், என் வேட்டில எதுக்கு? ஸ்கூட்டர் சீட்டு, தண்ணித் தொட்டி மூடி, மாமியார் காயப்போட்ட வடகம் எதையும் விடல.

அவனுக்கு என்ன சொன்னேன்னா, குச்சியெல்லாம் பெட்டில போட்டா ஏர்போர்ட்லயே புடுங்கிடுவாங்க, தப்பிச்சு வந்தாலும் நம்மூர் மரம் உங்க பனில கருகிடும்டா. சிகாகோல எங்க அக்கா வெச்சிருக்கறது இல்லினாய் எவர்பேரிங், சீனாவோட வெள்ளை மல்பெரியும் அமெரிக்கக் காட்டு சிவப்பு மல்பெரியும் சேர்ந்த ரகம், மைனஸ் 25 எல்லாம் தாங்கும். நிக்ரான்னு கறுப்பு மல்பெரி விப்பாங்க, ருசி அதுலதான்னு சொல்லுவாங்க, உன் ஊர் குளிருக்கு அது ஆகாது.

முதல் பனிக்காலம் முடிஞ்சு தெருவே பச்சையானப்புறமும் அக்கா மரம் மொட்டைக் குச்சியாவே நின்னுச்சாம். செத்துடுச்சுன்னு மாமா மண்வெட்டியோட போயிட்டாரு, அக்கா நகத்தால பட்டைய சொரண்டிப் பாத்தா உள்ள பச்சை. அது சோம்பேறித்தனம் இல்ல, கடைசிப் பனி போற வரைக்கும் மொட்டு கண்ணத் திறக்காது. நுனி கருகுனாலும் கீழ இருந்து துளிர்க்கும். ஜூன் கடைசில ஆரம்பிச்சா வாரக்கணக்குல பழுக்கும், அடியில பழைய பெட்ஷீட்ட விரிச்சு கிளைய உலுக்குவாங்களாம்.

"அப்ப வைக்கலாமா?"ன்னான். வைக்காதன்னேன்.

ஞாயித்துக்கிழமை என் மரத்த வெட்ட ஆள் வர்றாரு. அடியோடவான்னு கேட்டாரு, இடுப்பு உயரத்துல போதும்னேன். புதுத் துளிர்லதான் காய்க்கும், அதனால வெட்டுனா இன்னும் அதிகம்தான் வரும். துணி காயப்போடுற கொடிய மட்டும் முன்பக்கம் மாத்திக் கட்டணும்.