‘சீட் எடுத்துத் தருகிறேன்’ என்றவரிடம் 850 பவுண் கொடுத்த கதை

இங்கிலாந்தில் இருந்துகொண்டு, பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து எந்த நேரத்தில் போன் வருமோ என்று பயந்துகொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். காசு போனதைக்கூட மறந்துவிடலாம். காசோடு சேர்த்து ஒரு கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் நித்திரை வராது.

மகன் அப்போது இயர் நைன், பதின்மூன்று பதினான்கு வயது வகுப்பு. மூன்று தரம் சஸ்பென்ட் ஆகியிருந்தான். கடைசித் தரம் அடிபிடி. உப அதிபர் எங்களைக் கூப்பிட்டு, அடுத்த தரம் நிரந்தரமாக விலக்க வேண்டி வரலாம் என்றார். இப்படியான பிள்ளைகளுக்கென்றே ‘ஆல்டர்னேட்டிவ் ப்ரொவிஷன்’ என்று சின்னப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, வகுப்பில் கொஞ்சப் பேர்தான் இருப்பார்கள் என்றும் சொன்னார். அங்கே எப்படிச் சேர்ப்பது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெட்கம். சொந்தச் சகோதரிக்குக்கூட நான் இதை மூச்சு விடவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஆட்களின் வட்ஸ்அப் குழு ஒன்றில் ‘கல்வி ஆலோசகர்’ ஒருவரின் நம்பர் கிடைத்தது. நல்ல மரியாதையான மனிதர். "தங்கச்சி, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. அங்கத்தை அட்மிஷனிலை எனக்கு ஆக்களைத் தெரியும்" என்றார். விண்ணப்பத்துக்கு 350 பவுண், சீட்டைப் பிடித்து வைக்க 500. அப்படியான ஒரு பள்ளிக்கூடத்தின் சின்னம் போட்ட படிவம்கூடத் தந்தார். இரண்டு இரவு உட்கார்ந்து நிரப்பினேன்.

பிறகு அந்தக் கடிதம். "பழைய இடத்திலை பேர் இருக்குமட்டும் புது இடத்திலை சீட் தரமாட்டினம்" என்று சொல்லி, தானே அடித்து அனுப்பினார். அடுத்த திங்கள் முதல் மகனை நாங்களே வீட்டில் வைத்துப் படிப்பிக்கப் போகிறோம், பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். சாதாரணமாக ஒரு ஈமெயிலுக்குப் பதில் போட ஒரு கிழமை எடுக்கும் பள்ளிக்கூடம், அன்று பின்னேரமே நன்றி சொல்லிப் பதில் போட்டது. அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

மூன்று கிழமை ஓடியது. ஆலோசகர் போனை எடுப்பதில்லை. கடைசியில் நானே அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் பாவம், இரண்டு தரம் விளக்கினார்: "நாங்கள் பெற்றோரிடம் விண்ணப்பம் எடுப்பதில்லை. பள்ளிக்கூடமோ கவுன்சிலோதான் பிள்ளையை அனுப்பும்."

விஷயம் அவ்வளவுதான். அங்கே விற்கிறதற்குச் சீட்டே இல்லை. பிள்ளையின் நடத்தையைச் சீர்செய்ய என்று பள்ளிக்கூடமே கொஞ்சக் காலத்துக்கு அனுப்பலாம். நிரந்தரமாக விலக்கப்பட்ட பிள்ளைக்குக் கவுன்சில் இடம் தேடிக் கொடுக்கும். ஈஎச்சிபி, அதாவது விசேட தேவையுள்ள பிள்ளைக்குக் கவுன்சில் எழுதிக் கொடுக்கும் சட்டபூர்வ உதவித் திட்டம், உள்ள பிள்ளை என்றால் அந்தத் திட்டத்திலேயே பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதலாம். பள்ளிக்கூடம் அனுப்பும்போது பிள்ளையின் பெயர் வழக்கமாக இரண்டு இடத்துப் பதிவேட்டிலும் இருக்கும். பெயரை வெட்டினால்தான் சீட் என்று அவர் சொன்னது முழுத் தலைகீழ்.

இதைவிடக் கொடுமை, நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்திருந்தால் எங்கள் கையில் கூடுதலான உரிமைகள் இருந்திருக்கும். நிரந்தரமாக விலக்கியிருந்தால் ஆறாவது பள்ளி நாளிலிருந்து முழுநேரக் கல்விக்குக் கவுன்சில் ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் குழு 15 பள்ளி நாட்களுக்குள் கூடி முடிவைப் பார்க்க வேண்டும். அவர்களும் சரி என்றால், சுயாதீனக் குழு ஒன்றிடம் போகலாம், அங்கே விசேட தேவை நிபுணர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். ‘வீட்டில் படிப்பிக்கிறோம்’ என்று எழுதிக் கொடுத்த எனக்கு இதில் ஒன்றுமே இல்லை. பொறுப்பு முழுக்க எங்கள் தலையில்.

பள்ளிக்கூடத்தையும் நான் சும்மா விடமாட்டேன். "இன்றைக்குக் கொஞ்சம் நேரத்தோடு கூட்டிக்கொண்டு போங்கள், ஆறட்டும்" என்று நாலு தரம் அனுப்பினார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, சஸ்பென்ஷன் கணக்கிலும் இல்லை. பெற்றோர் சம்மதித்தாலும் அப்படி அனுப்புவது சட்டப்படி பிழை என்று பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் ஆலோசகர் தானே எனக்குப் போன் எடுத்தார். சீட் வரும்வரைக்கும் ஒரு ‘சென்டரில்’ விடலாம், கிழமைக்கு 120 பவுண் என்றார். போய்ப் பார்த்தேன். ஒரு கடைக்கு மேல் மாடியில் பத்துப் பிள்ளைகள், கிழமையில் ஐந்து நாளும், காலையிலிருந்து பின்னேரம் வரை. கட்டாயக் கல்வி வயதில் ஐந்து பேருக்கோ அதற்கு மேலோ முழுநேரம் படிப்பித்தால் அதைப் பள்ளிக்கூடமாகப் பதிய வேண்டும். ஈஎச்சிபி உள்ள பிள்ளை என்றால் ஒருவர் இருந்தாலே போதும். பதியாமல் நடத்துவது குற்றம். ‘கெட் இன்ஃபர்மேஷன் அபவுட் ஸ்கூல்ஸ்’ என்ற அரசாங்க இணையதளத்தில் தேடினேன், அந்தப் பெயரே இல்லை. இந்தத் தரமாவது தப்பினேன்.

ஈஎச்சிபிக்கு 1200 பவுண் வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அதற்கு ஒரு சதமும் தேவையில்லை. மதிப்பீடு கேட்டு நீங்களே கவுன்சிலுக்கு எழுதலாம். செய்வதா இல்லையா என்று ஆறு கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். திட்டம் கொடுப்பதென்றால் எல்லாம் 20 கிழமைக்குள் முடிய வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தது எங்கள் பகுதி ‘சென்டியாஸ்’, விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் சேவை. ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் இந்தச் சேவை இருக்கிறது, இலவசம். ‘இப்சியா’ என்ற தொண்டு நிறுவனமும் சட்ட விளக்கம் இலவசமாகத் தருகிறது. வெட்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து முதல் நாளே அங்கே கதைத்திருக்கலாம்.

காசு? ரசீதில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று போட்டிருந்தபடியால், இது உங்கள் இருவருக்கும் இடையிலான தகராறு என்று வங்கி கையை விரித்துவிட்டது. பழைய பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பு நிரம்பிவிட்டது. மகன் பதினொரு கிழமை வீட்டில் இருந்தான். பிறகு, பள்ளிக்கூடம் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளுக்கு இடம் தேடும் கவுன்சிலின் ‘ஃபேர் ஆக்சஸ்’ ஏற்பாட்டில் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இடம் கிடைத்தது. அங்கே ஒரு ஆசிரியரோடு நல்ல ஒட்டு. பார்ப்போம்.

போன கிழமை அதே வட்ஸ்அப் குழுவில் அவர் மறுபடி போட்டிருக்கிறார்: செப்டெம்பருக்கு இரண்டு சீட் மட்டுமே மிச்சம் இருக்கிறதாம்.