கொழும்பில இருந்து குரியரில வந்த ஆரைக்கீரை

கொழும்புச் செடிக்கடை ஒண்டு "நாலு இலை குளோவர் செட்" எண்டு போட்டிருந்த படத்தில மயங்கித்தான் ஓடர் பண்ணினனான். சின்னக் கண்ணாடிப் போத்தலுக்குள்ள பச்சைப்பசேல் எண்டு தண்ணித்துளி படிஞ்சு அவ்வளவு வடிவு. செட் 3,200 ரூபா, கிளிநொச்சிக்கு குரியர் 450 வேற. மூண்டு சாமான் வந்தது, டெராரியம் எண்டு சொல்லிற மூடி போட்ட செடிப் போத்தலுக்குள்ள நாலு இலைச் செடி, ஊதா குளோவர் ஒரு சாடி, வெள்ளைக் குளோவர் விதை ஒரு பக்கற். பொதி பண்ணினதில குறை சொல்லேலாது, ஒரு இலை கூட கசங்கேல்ல.

போத்தலைக் கொண்டுபோய் ஹோல் யன்னல் கட்டில வைச்சிட்டு திரும்ப, அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிஞ்சு பாத்தா. "இதென்ன பிள்ளை, ஆரைக்கீரையைப் போத்தலுக்க அடைச்சு வைச்சிருக்கிறாய்? உது வயல் வரம்பில வேண்டாம் வேண்டாம் எண்டு கிடக்கிறதெல்லே, எவ்வளவு குடுத்தனி?" நான் பாதி விலைதான் சொன்னனான், அதுக்கே மனிசி அரை மணித்தியாலம் பேச்சு.

தேடிப் பாத்தா அம்மம்மா சொன்னது சரி. அது மார்சிலியா, குளோவரே இல்லை, பன்னம் சாதி, பூக்கவே பூக்காது, தண்டு அடியில பயறு மாதிரிக் குட்டி உறைதான் வரும். உண்மையான குளோவர் அவரைக் குடும்பம், அதுக்கு மூண்டு இலைதான், நாலு வாறது தற்செயல். சாடி முழுக்க நாலு நாலா இருந்தா பெரும்பாலும் உங்களுக்கு வேற ஏதோ வித்திருக்கினம் எண்டு நினையுங்கோ.

சரி ஆரை எண்டாலும் வடிவுதானே எண்டு விட்டா, அப்ப வைகாசி மாசம், கச்சான் காத்து வீசிற நேரம், காலமை ரெண்டு மணித்தியாலம் யன்னலால வெயில், மூடியும் பூட்டிக் கிடக்கு. நாலாம் நாள் திறக்க அவிச்ச கீரை மணம். மிச்சம் கிடந்த வேரை எடுத்து, வாய் அகண்ட மண்சட்டியில வயல் களிமண் போட்டு மேல ரெண்டு விரல் தண்ணி நிக்கிற மாதிரி விட்டன், ரெண்டு கிழமையில சட்டி நிறைஞ்சிட்டுது. மூடின டெராரியம் ஏசி அறையில வேலை செய்யுமோ என்னவோ, எங்கட ஓட்டு வீட்டுக்கு அது அடுப்பில வைச்ச மாதிரித்தான்.

விதையைப் பற்றி கதைக்கவே வேண்டாம். மூண்டு நாளில முளைச்சுது, வீட்டுக்குள்ள வெளிச்சம் காணாம நூல் மாதிரி நீண்டு, அடித்தண்டு கறுத்துச் சரிஞ்சுது. அது குளிர்நாட்டுச் செடி, நுவரெலியாக்காரர் வேணுமெண்டா வாங்குங்கோ.

ஆனா அந்த ஊதாச் செடி இருக்கே, அதுக்காகத்தான் இந்த ரிவியூவே எழுதிறன். அதுவும் குளோவர் இல்லை, ஒக்ஸாலிஸ், எங்கட புளியாரைக்குச் சொந்தக்காரன், தென்னமெரிக்காவில இருந்து வந்தது. பொழுதுபட விறாந்தையில கதிரை போட்டு இருந்து பாத்தனான், மூண்டு இலையும் நடுவால மடிஞ்சு நனைஞ்ச குடை மாதிரித் தொங்கும், விடிய திரும்ப விரியும், ஊதாவுக்கு நடுவில ரோஸ் நிறத்தில ஒரு வெட்டு. ஆடி வெக்கையில இலை முழுக்க காஞ்சு விழுந்திட்டுது, செத்துப்போச்சு எண்டு சாடியைக் கொட்டிப் பாக்க அடியில செதில் செதிலாக் கிழங்குகள். திரும்ப தாட்டு தண்ணியைக் குறைச்சு நிழலில வைக்க ஒரு மாசத்தில தளிர் விட்டுது. தும்புச்சோறும் மணலும் பாதிக்குப் பாதி காணும், தண்ணி தேங்கினா கிழங்கு அழுகும். எங்கட கிணறு சவர், சாடி விளிம்பில வெள்ளையாப் படியும், அதால மழைத்தண்ணி பிடிச்சு வைச்சு ஊத்திறன். ஆடு வளர்க்கிற ஆக்கள் உயரத்தில வையுங்கோ, நிறையத் திண்டா அதில இருக்கிற ஒக்ஸாலிக் அமிலம் கூடாது.

கடைக்கு வாட்ஸப்பில "இது ஆரைக்கீரையெல்லே" எண்டு படத்தோட அனுப்பினன், ஒரு தம்ஸ்அப் மட்டும் வந்தது. செட்டுக்கு 5க்கு 2, அந்த ரெண்டும் ஊதாவுக்கு. வாங்கிறதெண்டா அதை மட்டும் தனிய கேளுங்கோ. ஆரை வேணுமெண்டா மாரி முடிய எங்கட வயலுக்கு வாங்கோ, சும்மா தாறன்.