வந்தவளா, வளர்ந்தவளா: கதையை யார் கண்ணால் சொல்வது?

வேளாண் கிராமத்தில் நிகழும் காதல் மர்மக் கதையை ஊருக்குப் புதிதாக வந்தவளின் பார்வையில் சொன்னால், வாசகரும் அவளோடு சேர்ந்தே எல்லாவற்றையும் அறிந்துகொள்வதால், ஐயத்தை விதைப்பது எளிது. ஆனால் நள்ளிரவில் ஓடும் மோட்டார் சத்தமே அவளை அச்சுறுத்திவிடுவதால், மர்மம் விரைவில் மலிவாகிவிடுகிறது. எழுதக் கடினமானாலும், நான் அங்கேயே வளர்ந்தவளின் பார்வையைத்தான் தேர்ந்தெடுப்பேன். அவளுக்கு அந்தச் சத்தம் பழகியது. அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் வயலுக்கு இந்நேரத்தில் ஏன் தண்ணீர் பாய்கிறது என்பதே அவளை உறுத்துகிறது. ஈர வரப்பில் பதிந்த காலடி தான் விரும்புகிறவனுடையது என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடுவதால், சொன்னால் அவனை இழப்பாள், மறைத்தால் குற்றத்துக்கு உடந்தையாவாள். புதியவளின் கதையில் இந்த முடிச்சு இவ்வளவு இறுகுவதில்லை. விடிந்ததும் பேருந்து ஏறிப் போய்விட அவளுக்கு வழியுண்டு.